‘பிடிக்கவில்லை’ என்பதை மறைத்தவள்

கண்ணா,

நேற்று நீ உங்கள் கல்யாண மேடைக்காக வரைந்து போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பார்த்த கையோடு ‘சூப்பர்’ என்று பதில் போட்டு, கை கூப்பும் பொம்மை ஒன்றையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை நிதானமாகப் பார்த்தேன். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அந்தப் படத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் “சரிம்மா, சரிம்மா” என்று சொல்லிக்கொண்டே நீ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பாய். நேரில் சொன்னால் நான் அழுது காரியத்தைக் கெடுத்துவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். நீளமாக எதையும் ஒரே மூச்சில் படிக்க உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். விட்டு விட்டுப் படி. ஷாலினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தாலும் நல்லதுதான். பாதி கடிதம் அவளுக்கு.

போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் பெங்களூரிலிருந்து வந்திருந்தீர்களே, சாப்பிட்ட கை காயக் காயப் பேசிக்கொண்டிருந்தோமே, அப்போது நீ சொன்ன விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டிலிருந்தே குழந்தைப் புத்தகங்களுக்குப் படம் வரைகிறாய், அது எனக்குத் தெரியும். டாக்டர் உனக்கு ஏடிஹெச்டி இருப்பதாகச் சொன்னதை அன்றைக்குத்தான் சொன்னாய். கவனம் ஓரிடத்தில் நிற்காது, ஆரம்பித்ததை முடிக்க வராது, நேரம் போவதே தெரியாது என்றெல்லாம் நீ சிரித்துக்கொண்டே அடுக்கினாய். அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, உன்னைப் பெற்றவள் நான். ஆனால் கூடவே இன்னொன்றும் சொன்னாய். யாராவது உன் படத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் மற்றவர்களைப் போல உன்னால் துடைத்துப் போட்டுவிட்டுப் போக முடிவதில்லை, நெஞ்சில் நிஜமாகவே அடி விழுந்த மாதிரி இருக்கிறது, நாள் கணக்கில் எழுந்திருக்க முடிவதில்லை என்றாய். இந்தக் கோளாறு இருக்கிறவர்களில் பலருக்கு அப்படி இருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

அதுவரைக்கும் சரி. அதற்கு நீயே கண்டுபிடித்து வைத்திருந்த வைத்தியம்தான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. “கல்யாணத்துக்கு அப்புறம் கிளையன்ட் மெயில் எல்லாம் ஷாலினிதான் மொதல்ல படிப்பா. நல்லதா இருந்தா மட்டும் எங்கிட்ட சொல்லுவா. இல்லைன்னா எதையாவது சொல்லி அவளே சமாளிச்சுடுவா. டீல் போட்டாச்சும்மா” என்றாய். அந்தப் பெண்ணும் பளிச்சென்று சிரித்து, “நான் பாத்துக்கறேன் அத்தை, நீங்க கவலையே படாதீங்க” என்றாள். அவள் முகத்தில் அப்போது ஒரு பெருமை தெரிந்தது. அந்தப் பெருமை எனக்கு மிகவும் பழக்கமானது, பல வருஷம் என் முகத்தில் இருந்தது. நான் ரசம் எடுத்து வரும் சாக்கில் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அடுப்படியில் நின்றேன்.

உன் அப்பாவுக்கு இருந்ததும் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் காலத்தில் அதற்கு யாரும் பெயர் சொல்லவில்லை. தாம்பரத்தில் அவரைத் தெர்மகோல்காரர் என்பார்கள். சொந்தக்காரர்கள் பொறுப்பில்லாதவர் என்பார்கள். எண்பதுகளில் கல்யாண வரவேற்பு என்றால் மணமக்கள் நாற்காலிக்குப் பின்னால் தெர்மகோலில் பெயர் வெட்டி, ஜிகினாத் தூள் தூவி, சுற்றிலும் மயிலும் பூவும் வைப்பார்கள் அல்லவா, அந்த வேலை. இரண்டு வேலையில் நேரத்துக்குப் போகாமல் பேர் கெட்டு, மூன்றாவதாக யாரிடமும் கை கட்டி நிற்க மாட்டேன் என்று சொந்தமாக இதில் இறங்கினார். கிழக்கு தாம்பரத்தில் நாம் இருந்த போர்ஷனே தொழிற்சாலை. பாயில் வெள்ளைத் துகள், உன் யூனிஃபார்மில் வெள்ளைத் துகள், சாம்பாரில்கூட ஒன்றிரண்டு மிதந்திருக்கிறது. காதில் செருகிய பிளேடை வீடெல்லாம் தேடுவார். டீ குடிக்கப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருவார், சைக்கிளை டீக்கடையிலேயே விட்டிருப்பார். ஆனால் ஒரு மாதிரி மனதுக்குள் வந்துவிட்டது என்றால், மனுஷன் சாப்பாடு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து வெட்டுவதைப் பார்க்க வேண்டும். அந்த முகத்துக்காகத்தான் நான் சொந்தக்காரர்கள் பேச்சையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டேன்.

வேலை எடுப்பதற்கு ஒரு வழக்கம் இருந்தது. முதலில் சார்ட் அட்டையில் மாதிரி வரைந்து கல்யாண வீட்டில் காட்ட வேண்டும். அவர்கள் சரி என்றால்தான் தெர்மகோலில் கை வைப்பார். ஆரம்பத்தில் அவரே போய்க் காட்டிக்கொண்டிருந்தார். பல்லாவரத்தில் ஒரு வீட்டில் மாப்பிள்ளையின் தம்பி, “இன்னாபா இது, சர்க்கஸ் கூடாரமாட்டம் கீது” என்று சொல்லிச் சிரித்தானாம். சின்னப் பையன், விளையாட்டாகச் சொல்லியிருப்பான். உன் அப்பா வீட்டுக்கு வந்து, இன்னொரு கல்யாணத்துக்காக முடித்து வைத்திருந்த வளைவைக் காலால் மிதித்து உடைத்தார். பிறகு போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. கைக்குழந்தையாக நீ மடியில் இருந்தாய். அப்போதுதான் நான் சொன்னேன், “இனிமே மாதிரியை நான் எடுத்துட்டுப் போறேன். பொம்பளைங்க பொம்பளைங்களோட பேசினா காரியம் சீக்கிரம் முடியும். நீங்க வரையறதை மட்டும் பாருங்க.” அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

அதற்கப்புறம் சுருட்டிய அட்டையும் கையுமாக நான்தான் சேலையூர், வண்டலூர், அனகாபுத்தூர் என்று பஸ் ஏறினேன். நிறைய பேருக்குப் பிடித்தது. சிலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காத வீட்டிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலேயே எதையாவது யோசித்து வைத்துக்கொள்வேன். கல்யாணத்தை ஊரிலேயே வைத்துக்கொள்கிறார்களாம். மண்டபத்துக்காரனே மேடை அலங்காரமும் சேர்த்துத் தருகிறானாம். தேதி தள்ளிப் போய்விட்டதாம். இதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. பிடித்தது என்று சொன்னவர்கள் பேச்சுக்கும் நான் ஜிகினா தூவ ஆரம்பித்தேன். ‘சரி, செய்யுங்க’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பார்கள். நான் வீட்டுக்கு வந்து, “பொண்ணோட அம்மா அப்படியே கண்ணு கலங்கிட்டாங்க” என்பேன். அவர் “இன்னா சொன்னாங்க, இன்னா சொன்னாங்க, மறுபடி சொல்லு” என்று குழந்தை மாதிரி கேட்பார். நானும் மறுபடி சொல்வேன், கொஞ்சம் கூடுதலாகவே.

ஷாலினி, இந்த இடத்தை நீ கவனித்துப் படி. அவரைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நான் நினைத்தேன், அது பொய் இல்லை. ஆனால் எனக்கு அது பிடித்தும் இருந்தது. பக்கத்துப் போர்ஷன் சரோஜா அக்கா, “நீ மட்டும் இல்லாங்காட்டி அந்தாளு அவ்ளோதாம்மே” என்று சொல்லும்போது எனக்கு உள்ளூர இனிக்கும். வெளியுலகத்திலிருந்து அவருக்கு வருகிற ஒவ்வொரு வார்த்தையும் என் கை வழியாகத்தான் வர வேண்டும் என்பதில் ஒரு சுகம் இருந்தது. புருஷனுக்கு உலகமே நான்தான் என்று நினைத்துப் பூரித்தேன். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

இடையில் ஒருமுறை கடவுளே எனக்குக் காட்டிக் கொடுத்தார், நான்தான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்ததால் நான் வெளியே போக முடியாது. மேற்கு தாம்பரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் மகள் கல்யாணத்துக்கு மாதிரி கேட்டிருந்தார். வேறு வழியில்லாமல் உன் அப்பாவே போனார். பாய் அட்டையை விரித்துப் பார்த்துவிட்டு நேருக்கு நேராகச் சொல்லிவிட்டாராம்: “மயிலு ஷோக்கா கீது தம்பி. ஆனா நம்ம வூட்டு கல்யாணத்துல உருவம் வெக்க மாட்டோம்பா. மயிலு வாணாம். எயுத்து மட்டும் போட்டுக் குடு. உன் எயுத்தைப் பாத்துட்டுதானே உன்னைக் கூப்ட்டேன்.” அப்பா திரும்பி வந்து வழக்கம்போலப் போர்வையை இழுத்துக்கொண்டார். நான் அடுத்த அறையில் பாயில் கிடந்தபடி, இனி என்ன ஆகுமோ என்று தவித்துக்கொண்டிருந்தேன். பொழுது சாயும் நேரத்தில் அவராக எழுந்தார். முகம் கழுவினார். “பாய்க்கு மயிலு வாணாமாம், எயுத்து புடிச்சிருக்காம்” என்று வாசலில் நின்றபடியே எனக்குச் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில் சொன்னார். அப்புறம் உட்கார்ந்து, எழுத்தின் வாலிலிருந்தே கொடி கிளம்பி அடுத்த எழுத்தில் போய்ப் பூப்பது மாதிரி ஒன்று போட்டார் பார், அவர் வாழ்க்கையில் அதைவிட நல்ல வேலை செய்யவில்லை. பாயின் சொந்தக்காரர்கள் பல்லாவரத்திலிருந்து தேடிக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காரணத்தோடு நேராக வந்த ‘வேண்டாம்’ அவரைக் கொன்றுவிடவில்லை. படுக்கப் போட்டது, அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அந்தப் படுக்கையிலிருந்து அவரே எழுந்து வந்தார், எழுந்தவர் முன்னைவிட நன்றாகச் செய்தார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ‘பாய் தங்கமான மனுஷன், அதனால் தப்பித்தோம்’ என்று நினைத்தேன். அம்மைத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட அடுத்த வாரமே அட்டையைச் சுருட்டிக்கொண்டு மறுபடி நானே கிளம்பிவிட்டேன்.

இனி ராஜகீழ்ப்பாக்கம் கல்யாணம். இது உனக்கும் நினைவிருக்கும், ஆனால் நீ நினைத்துக்கொண்டிருக்கிற மாதிரி இல்லை. ‘அப்பாவும் நானும் கூப்பிடாத கல்யாணத்துக்குப் போய் லட்டு சாப்பிட்டோம்’ என்று காலேஜ் நண்பர்களிடமெல்லாம் கதையாகச் சொல்லிச் சிரிப்பாயே, அந்தக் கல்யாணம்தான். அந்த வீட்டுக்காக அப்பா ஒரு மாதிரி போட்டிருந்தார். ஒரு பெரிய மரம், அதிலிருந்து கிளிகள் பறந்து கிளம்புகின்றன, ஒவ்வொரு கிளியின் வாயிலும் மணமக்கள் பெயரில் ஓர் எழுத்து. கிளிகள் மேடைக்கு வந்து சேரும்போது பெயர் முழுசாகிவிடும். அட்டையில் பார்க்கும்போதே எனக்குச் சிலிர்த்தது. சரி என்று சொல்லிவிடுவார்கள் என்ற தைரியத்தில், கேட்பதற்கு முன்பே கிளிகளை வெட்டவும் ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் அம்மா அட்டையைப் பார்த்தார். “ரொம்ப ஜாஸ்தியா இருக்கும்மா. நாங்க வேற ஆள்கிட்ட சொல்லிட்டோம்” என்று மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டில் பாதி வெட்டிய கிளிகள் காத்திருந்தன. அவரிடம் போய் நான் எப்படிச் சொல்வேன்? வழக்கமான காரணம் எதுவும் தாங்காது என்று தோன்றியது. பெரிதாக ஒன்று வேண்டியிருந்தது. பஸ்ஸில் வரும்போதே பெண்ணின் பெரியப்பாவைச் சாகடித்துவிட்டேன்.

“பொண்ணோட பெரியப்பா திடீர்னு தவறிட்டாராம். கல்யாணத்தைத் தள்ளி வெச்சுட்டாங்க” என்றேன். உன் அப்பா பிளேடைக் கீழே வைத்தார். அவர் யாருக்கும் கெடுதல் நினைக்காத மனுஷன். “ஐயய்யோ, கல்யாண வூட்ல இப்டியா ஆவணும்” என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கிளிகளை என் பழைய சேலையில் சுற்றிப் பரண்மேல் வைத்தார், தேதி வைத்ததும் கொடுத்துவிடலாம் என்று. எதையும் மறந்து போகிற மனுஷன் இதை மட்டும் மறக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை உன்னை சைக்கிள் பாரில் உட்கார வைத்துக்கொண்டு தெர்மகோல் வாங்கக் கிளம்பியவர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், போகிற வழிதானே என்று துக்கம் விசாரிக்க அந்த வீட்டுக்கே போய்விட்டார்.

வாசலில் ஷாமியானா, வாழை மரம், சீரியல் லைட்டு. பன்னீர் தெளித்துச் சந்தனக் கிண்ணத்தை நீட்டி, “வாங்க, வாங்க, ஏன் இவ்ளோ லேட்டு, கொழந்தையக் கூட்டிட்டு உள்ள போய் சாப்பிடுங்க” என்று வரவேற்றவர்தான் பெண்ணின் பெரியப்பா. அவர்தான் கல்யாணத்தையே முன்னின்று நடத்துகிறார் என்று பக்கத்தில் இருந்தவர் சொல்லியிருக்கிறார். உன் அப்பாவால் திரும்பி நடக்கவும் முடியவில்லை, நீதான் அதற்குள் பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டாயே. நீ சாப்பிட்டு முடிக்கிறவரை அவர் மேடையைப் பார்த்தபடி நின்றாராம். மேடையில் வேறு யாரோ வெட்டிய இரண்டு அன்னங்கள், மூக்கும் மூக்கும் ஒட்டிக்கொண்டு.

வீடு வந்ததும் நீ ஓடி வந்து, சட்டைப் பையிலிருந்த லட்டை என் கையில் வைத்தாய். நெற்றியில் சந்தனம். எந்தக் கல்யாணம் என்று நான் கேட்பதற்குள் அப்பா சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். கத்துவார், எதையாவது உடைப்பார் என்று நினைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து, “பெரியப்பா நல்லாத்தான் கீறாரு” என்றார். “இன்னும் யார் யாரைச் சாவடிச்ச?” என்று கேட்டார். அன்றைக்கு ஒன்றையும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். எந்தெந்த வீட்டில் வேண்டாம் என்றார்கள், என்ன சொன்னார்கள், எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்று கேட்டார் கண்ணா, அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. “அப்போ நல்லா கீதுன்னு சொன்னாங்கன்னு சொன்னியே, அதுல எது நெஜம்?”

நான் சொன்னேன். இது நிஜம், அது நிஜம், சேலையூர் வீட்டில் உண்மையிலேயே கண் கலங்கினார்கள் என்று சத்தியம் பண்ணினேன். அவர் தலையாட்டினார். நம்பவில்லை. எப்படி நம்புவார்? ‘பிடிக்கவில்லை’ என்பதை அவரிடமிருந்து மறைத்தவள், அதோடு சேர்த்து ‘பிடித்திருக்கிறது’ என்பதையும் பிடுங்கிக்கொண்டுவிட்டேன். அந்த இரண்டும் ஒரே கடையில்தான் கிடைக்கும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவர் அன்னம் வெட்ட ஆரம்பித்தார். எந்தக் கல்யாணமானாலும் அதே இரண்டு அன்னம், மூக்கும் மூக்கும் ஒட்டிக்கொண்டு. அன்னத்தை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, மாதிரி காட்ட வேண்டிய அவசியமே இல்லை. தொண்ணூறுகள் முழுக்க நம் வீட்டில் அன்னம்தான் பறந்தது. வேலை நிறைய வந்தது, வாடகை தவறவில்லை, சொந்தக்காரர்கள்கூட ‘பரவாயில்லையே, திருந்திட்டானே’ என்றார்கள். சாப்பாடு தண்ணி மறந்து உட்கார்ந்திருந்த அந்த முகத்தை மட்டும் நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

அந்த நாளில் ஒருமுறை அனகாபுத்தூரிலிருந்து தறி நெய்கிற வீட்டு அம்மா ஒருவர் பஸ் பிடித்து நம் வீடு தேடி வந்தார். மகள் வரவேற்புக்கு அப்பா வெட்டிக் கொடுத்த பெயர்ப் பலகையைக் கழற்றி எறிய மனசு வராமல் தறிக்கு மேலே மாட்டி வைத்திருக்கிறாராம். “நெய்யும்போதெல்லாம் நிமிந்து பாத்துக்கினே கீறேன் சார்” என்றார். வேறு வேலையே இல்லை, இதைச் சொல்ல மட்டும் வந்திருந்தார். உன் அப்பா அவர் பேசி முடிக்கும்வரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா தெருமுனை தாண்டியதும், “நீ சொல்லி அனுப்பினியா?” என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். நான் அழுதேன். அழுததையும் அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ எனக்குத் தெரியாது. இன்னொரு நாள், பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தக் கிளிகள் கிடைத்தன. “இதை மறுபடி யாருக்காவது செய்யலாமே” என்றேன். “யாருக்குப் புடிக்கும்?” என்றார். “எனக்குப் புடிக்கும்” என்றேன். அவர் சிரித்தார். “நீ எப்பவும் அப்டித்தானே சொல்லுவ” என்று சொல்லிவிட்டுப் போய் அன்னம் வெட்ட உட்கார்ந்தார்.

இவ்வளவு பட்டும் எனக்குப் புத்தி வந்ததா என்றால், அதுவும் இல்லை. நீ ஆறாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஓவியப் போட்டி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? பரிசு பெற்றவர்கள் பெயரில் உன் பெயர் இல்லை. நீ அப்பாவைப் போலவே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தாய். என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. சந்தைப் பக்கம் பாத்திரக்கடைக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, பெயர் வெட்டுகிறவரிடம் ‘ஓவியப் போட்டி, ஆறுதல் பரிசு’ என்று வெட்டச் சொன்னேன். டீச்சர் கொடுத்து அனுப்பினார்கள் என்று உன்னிடம் கொடுத்தேன். பெங்களூரில் உன் மேஜைமேல் பிரஷ் போட்டு வைத்திருக்கிறாயே, அந்த டம்ளர்தான். உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த மேஜைப் பக்கம் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன். உனக்கு ஆறுதல் பரிசு எதுவும் கிடைக்கவில்லை கண்ணா. அம்மாதான் வாங்கினேன். இதைப் படித்ததும் உனக்கு எங்கே வலிக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இனிமேல் உன்னிடம் மறைத்து வைக்க என்னிடம் எதுவும் இருக்கக் கூடாது. டம்ளரைத் தூக்கிப் போடாதே, பிரஷ் வைக்க வசதியாகத்தான் இருக்கிறது.

உனக்கு வலிக்கும் வலி பொய், மனசைத் திடமாக வைத்துக்கொள் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொன்னவர்கள் உன் அப்பாவுக்கும் இருந்தார்கள், ஒரு பிரயோஜனமும் இல்லை. வலிக்கு மருந்து டாக்டருக்குத் தெரியும், அவர் சொல்வதைக் கேள், மாத்திரை கொடுத்தால் மறக்காமல் போடு. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். உனக்கு வருகிற மெயிலை நீயே திற. ஷாலினி பக்கத்தில் உட்கார்ந்திருக்கட்டும். தோளில் கை போட்டுக்கொள்ளட்டும், டீ போட்டுக் கொடுக்கட்டும், நீ போர்வையை இழுத்துக்கொண்டால் விளக்கை அணைத்துவிட்டு, எழுந்து வருகிறவரை சும்மா இருக்கட்டும். உனக்கும் உலகத்துக்கும் நடுவில் அவளை வாசல்காரியாக நிறுத்தாதே. முதலில் அது அன்பாகத்தான் இருக்கும். அப்புறம் ஒரு நாள் அவள் மனசாரப் பாராட்டும்போது, நீ அவள் முகத்தில் பொய்யைத் தேடுவாய். ஷாலினிம்மா, நீயும் அந்த வேலையை ஒத்துக்கொள்ளாதே. நான் செய்து பார்த்துவிட்டேன்.

இப்போது அந்த மேடைப் படம். ‘அப்பா ஞாபகமா’ என்று கீழே எழுதி, உங்கள் பெயருக்கு இரண்டு பக்கமும் அன்னம் போட்டிருக்கிறாய், மூக்கும் மூக்கும் ஒட்டிக்கொண்டு. அப்பாவுக்குப் பிடித்தது அன்னம் என்று நீ நினைத்ததில் தப்பில்லை, நீ பார்த்து வளர்ந்தது அதைத்தான். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை கண்ணா. அப்பா இருந்திருந்தால் அவருக்கும் பிடித்திருக்காது. அது அவர் விட்டுக்கொடுத்த இடம், அவர் வரைந்த இடம் இல்லை. அழகாக வரைந்திருக்கிறாய், அதைச் சொல்லவில்லை. அதில் நீயும் இல்லை, அவரும் இல்லை. அதற்குப் பதிலாகக் கிளியைப் போடு என்றும் சொல்ல மாட்டேன், அது அவருடையது. உனக்குத் தோன்றுவதைப் போடு, ஜாஸ்தியாக இருந்தாலும் பரவாயில்லை.

படித்துவிட்டாயா? சரி, போர்த்திக்கொண்டு படுத்துக்கொள். எவ்வளவு நேரம் வேண்டுமோ படு. எழுந்ததும் எனக்குப் போன் பண்ணு, திட்டுவதென்றால் திட்டு, எடுக்காமல் இருக்க மாட்டேன். அந்தப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஷாலினி பெயரின் கடைசி எழுத்தில் ஒரு கொடி கிளம்பி உன் பெயரில் போய்ப் பூக்கிறது. பாய் வீட்டுக் கல்யாணத்தை நீ பார்த்ததில்லை, அந்த எழுத்தைப் பற்றி யாரும் உன்னிடம் சொன்னதும் இல்லை. உன் கைக்கு அது தானாக வந்திருக்கிறது. அதை நான் எத்தனை தடவை பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அது நன்றாக இருக்கிறது, கண்ணா. இந்த முறை நீ என்னை நம்பலாம்.

அம்மா